மந்தை மேய்க்கும் சிறு நாய்கள்

ஒருவரை வைய வேண்டுமென்றால் நம்மவர் வாயில் முதலில் வரும் சொற்களில் 'நாய்' என்பதும் ஒன்று. நன்றியுணர்ச்சிக்கு உதாரணம் காட்ட வேண்டுமானாலும் அதே நாயைத்தான் கூப்பிடுகிறோம். இவ்வாறு ஒரே பிராணியை ஏசியும் புகழ்ந்தும் வருகிற நாம், அது என்ன தொழிலுக்காகப் பிறந்தது என்பதை மாத்திரம் விசாரிப்பதில்லை. விசாரியாமையால் ஒரு குடும்பத்தில் விளைந்த குழப்பத்தைச் சென்ற கோடை விடுமுறையில் பந்தலூரில் நேரில் காண நேர்ந்தது. அதுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

பந்தலூர் நீலகிரி ஜில்லாவின் மேற்குக் கோடியில், கூடலூருக்கும் அப்பால், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது. உதகமண்டலத்தின் கடுங்குளிர் அங்கே இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் மழைக்கு ஓய்வும் இல்லை. பக்கத்துத் தேவாலாவில் 1880-ஆம் ஆண்டை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கத்துக்காக மலையைக் குடைந்து கைப்பொருளை இழந்தன. இன்று அந்த மலைச்சரிவுகளில் தேயிலைதான் விளைகிறது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலருக்கு அத்தோட்டங்களே பிழைப்பளித்தன.

அங்கே ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கராக இருக்கும் நண்பர் வீட்டில் தங்கியிருந்தோம். குழந்தைகளின் பிடிவாதத்துக்கு இணங்கி, கோயமுத்தூரிலிருந்து கார்கி என்னும் சீமை ஜாதி நாய்க்குட்டி ஒன்றை அவர் விலை கொடுத்து வாங்கியிருந்தார். நரியின் முகம், நீண்ட உடல், முழங்காலளவும் எட்டாத குட்டைக் கால்கள். பார்ப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் வீட்டு அம்மாள் சிரிக்கவில்லை.

"அண்ணா, நீங்களே நியாயம் சொல்லுங்கள். குழந்தைகள் ஓடினால் போதும், பின்னாலேயே போய்க் குதிகாலைக் கவ்வுகிறது. கடிநாயை வீட்டில் வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது? எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார்.

அன்று மாலை முற்றத்தில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாறு குழந்தைகள் ஓடின. நாய் அவர்களைச் சுற்றி வட்டமிட்டு ஓடிற்று. ஒரு பெண் கூட்டத்தை விட்டுப் பிரிந்து வேலிப்பக்கம் போனாள். உடனே நாய் பாய்ந்து சென்று அவள் குதிகாலில் பல் படுமாறு ஒரு கவ்வு கவ்விற்று. அவள் வீரிட்டுக்கொண்டு கூட்டத்துக்கே திரும்பி ஓடி வந்தாள். நாய் உறுமவில்லை, மயிரைச் சிலிர்க்கவில்லை. பிறகு குழந்தைகள் எல்லாரும் திண்ணையில் வந்து உட்கார்ந்ததும், கடமையை முடித்த காவலாளியைப் போல அவர்கள் எதிரில் முன்கால்களை நீட்டிப் படுத்துவிட்டது. நமக்கு விஷயம் விளங்கிற்று. நண்பருக்கு வாய்த்தது கடிநாய் அன்று. அது ஒரு மாட்டு மேய்ப்பன். பந்தலூர் முற்றத்தில் அதற்கு மாடுகள் இல்லாமையால் குழந்தைகளை மந்தையாக்கிக்கொண்டது.

காவலும் மேய்ப்பும்

மந்தையோடு செல்லும் நாய்கள் எல்லாம் ஒரே தொழில் செய்வன அல்ல. காவல் நாய் வேறு. மேய்ப்பு நாய் வேறு. காவல் நாய் பேருருவம் உடையது. குட்டிப் பருவத்திலிருந்தே ஆடுகளோடு வளர்ந்து, அவற்றின் நடுவிலேயே படுத்து, ஓநாயோ சிறுத்தையோ வந்தால் எதிர்த்து நிற்கும். இமாசலப் பிரதேசத்தில் கத்தி என்னும் இடையர் வளர்க்கும் நாய்கள் இவ்வகை. சிறுத்தை கழுத்தைக் கவ்வாதிருக்க, இமயமலை இடையர் தம் நாய்களுக்கு முள் வைத்த இரும்புப் பட்டை பூட்டுவதும் உண்டு. இந்நாய்களின் முதல் வேலை காவலே.

மேய்ப்பு நாயின் வேலையோ ஓட்டுவது, திருப்புவது, கூட்டுவது. இந்தக் குணம் அதற்கு எங்கிருந்து வந்தது? அதன் மூதாதையான ஓநாயிடமிருந்துதான். ஓநாய் இரையைத் தேடும், உற்று நோக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், பற்றும், கடைசியில் கொல்லும். இந்த ஆறு படிகளில் முதற்படிகளை வளர்த்து, கடைசிப்படியை மழுக்கி, பல தலைமுறையாக இடையர்கள் தெரிந்தெடுத்து உண்டாக்கியதே மேய்ப்பு நாய். ஸ்காத்லாந்து, இங்கிலாந்து எல்லைப்புறத்து பார்டர் கோலி என்னும் நாய் பதுங்கிக் கிடந்து கண்ணாலேயே ஆடுகளை அசைக்கிறது. அது உற்று நோக்கும் படியில் தேர்ந்தது. கார்கி முதலிய குட்டைக்கால் நாய்களோ ஒரு படி மேலே போய், பற்றும் படியின் ஓரத்தைத் தொடுகின்றன. குதிகாலைக் கவ்வும், ஆனால் கிழிக்காது. ஆகவே நண்பர் வீட்டுக் குட்டி செய்தது துஷ்டத்தனம் அன்று. பல நூற்றாண்டுப் பயிற்சியின் பலன்.

குட்டைக் கால்களின் ரகசியம்

கார்கியின் தாயகம் பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாடு. அந்நாட்டு மொழியில் அதன் பெயருக்குக் குள்ள நாய் என்று பொருள் சொல்வர். உயரம் பத்து முதல் பன்னிரண்டு அங்குலம். எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. இத்தனை சிறிய பிராணி எருமையளவு மாட்டை எப்படி ஓட்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். சிறுமையே அதற்கு ஆயுதம். மாடு பின்காலால் உதைக்கும்போது குளம்பு உயரமான நாயின் மண்டையில் பட்டால் மண்டை உடையும். கார்கி கவ்வியவுடனே தரையோடு தரையாகப் படிந்துவிடும். உதை தலைக்கு மேலே காற்றில் போய்விடும். மேலும், தீனியும் குறைவு, படுக்க இடமும் குறைவு. ஏழைக் குடியானவனுக்கு இது பெரிய விஷயம்.

கார்கியில் இரண்டு இனம் உண்டு. பெம்ப்ரோக் நாட்டுப்புறத்துக் கார்கி சற்றுச் சிறியது, வால் குட்டை. சில பிறவியிலேயே வாலில்லாதவை; மற்றவற்றுக்குக் குட்டியிலேயே வாலை நறுக்குவது வழக்கமாக இருந்தது. 2007-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த வழக்கத்துக்குச் சட்டம் தடை விதித்தது. கார்டிகன் கார்கி சற்றுப் பெரியது. செவி நுனி வட்டமானது. நரியைப் போன்ற நீண்ட வாலுடையது. 1934-ஆம் ஆண்டில்தான் இவ்விரண்டும் தனித்தனி இனம் என்று பிரிட்டிஷ் நாய்ச் சங்கம் ஒப்புக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டிலே, பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகன் தம் வீட்டுக்கு ஒரு பெம்ப்ரோக் கார்கியைக் கொண்டுவந்தார். 1944-இல் அவருடைய மகள் எலிஸபெத்துக்குப் பதினெட்டாவது பிறந்த நாள் பரிசாக ஸூஸன் என்ற கார்கி கிடைத்தது. 2022-இல் அந்த ராணி காலமாகும் வரையில் அவரோடு கார்கிகளும் இருந்தன. மாட்டுக் கொட்டிலில் பிறந்த ஜாதி அரண்மனை ஏறியது இவ்வாறுதான். அரண்மனைக்குப் போன எதையும் உலகம் விரும்பும். அதனால்தான் பந்தலூரில் ஒரு கணக்கர் வீட்டுக் குழந்தைகளும் அதற்காக அடம் பிடித்தனர்.

கார்கியைப் போலவே குதிகால் கவ்வும் இன்னொரு சிறு நாய் இங்கிலாந்தின் லங்காஷயர் ஹீலர். கருமையும் செம்மையும் கலந்த நிறம். பத்துப் பன்னிரண்டு அங்குல உயரம். மாட்டையும் ஓட்டும், எலியையும் பிடிக்கும்.

ஷெட்லாந்து மேய்ப்பு நாய் வேறு விதம். ஷெட்லாந்து, ஸ்காத்லாந்துக்கு வடக்கே காற்றும் பனியும் மிகுந்த தீவுக் கூட்டம். அங்கே குதிரையும் சிறியது, ஆடும் சிறியது, நாயும் சிறியது. வேலியில்லாத விளைநிலங்களில் ஆடு புகாதபடி குரைத்து விரட்டுவதே அதன் வேலை. ஆகையால் குரல் ஓங்கியது, செவி கூரியது. கழுத்திலே சிங்கப்பிடரி போல மயிர் அடர்ந்திருக்கும். முதலில் இதற்கு ஷெட்லாந்து கோலி என்று பெயர் வைத்தார்கள். பெரிய கோலி நாய்களை வளர்ப்போர் ஆட்சேபித்ததனால் 1914-இல் பெயர் மாறிற்று. அன்னியரிடம் ஒதுங்கும், வீட்டாரின் முகக்குறிப்பை மிக விரைவில் படித்துக்கொள்ளும். உரக்க அதட்டினால் வாடிப்போகும். இதைக் கண்டித்து வளர்ப்பதைவிடத் தட்டிக்கொடுத்து வளர்ப்பதே தகும்.

ஹங்கேரி நாட்டுப் புலி என்பதும் ஒன்று. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம்; அது ஆட்டு நாய்தான். பதினாறு பதினேழு அங்குல உயரம். மயிர் திரிதிரியாகச் சடை விழுந்து தரை வரை தொங்கும். நம் ஊர்ச் சாமியார்களின் ஜடாமுடியைப் பார்த்தவர்களுக்கு வேறு வர்ணனை தேவையில்லை. நெருக்கமான மந்தையில் வழி கிடைக்காவிட்டால் ஆடுகளின் முதுகின் மேலேயே ஏறி ஓடிவிடும்.

ஸ்வீடன் செய்த காரியம்

இவற்றுள் நம் நாட்டாருக்குப் பாடமாக விளங்கக்கூடியது ஸ்வீடன் தேசத்து வால்ஹுண்ட். இதுவும் கார்கியைப் போன்ற குட்டைக்கால் மாட்டு நாய்தான், உயரம் பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குலம், சாம்பல் நிறம். பட்டிக்காட்டு வீடுகளில் காலங்காலமாக இருந்தும், பெயருக்கும் பதிவுக்கும் தகுதியுள்ளதாக அதை ஒருவரும் எண்ணவில்லை. மாடு மேய்க்கும் முறைகள் மாறின. அந்நாய் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 1942-ஆம் ஆண்டில் பியோர்ன் வான் ரோஸன் என்ற பிரபுவும் கார்ல் குஸ்தாவ் ஸெட்டர்ஸ்டன் என்பவரும் சேர்ந்து, தாங்கள் சிறுவயதில் கண்ட நாய் எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடலானார்கள். கிடைத்த சில நாய்களை வைத்து இனத்தைப் பெருக்கினார்கள். அடுத்த ஆண்டே ஸ்வீடன் நாய்ச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

1942! நம் நாட்டிலே 'வெள்ளையனே வெளியேறு' என்ற முழக்கம் எழுந்த அதே ஆண்டு. உலகமெங்கும் யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், ஒரு சிறு தேசத்தில் இரண்டு மனிதர்கள் தங்கள் நாட்டுப்புறத்து நாய்க்காக அலைந்தார்கள். சுதேசியம் என்பது இராட்டையோடும் கதரோடும் முடிந்துபோவதன்று என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் ஏது?

வாங்கும் முன் யோசிக்க

மறுபடியும் பந்தலூருக்கு வருவோம். கோடைக்காலத்தில் உதகையில் தென்னிந்திய நாய்ச் சங்கத்தார் நடத்தும் கண்காட்சிக்குப் போய்வந்தவர்களுக்கு ஆசை எழுவது இயல்பே. ஆனால் ஆசைப்படுமுன் சில சங்கதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, சிறிய நாய் என்பதால் சிறிய வேலை போதும் என்று எண்ணலாகாது. நாளெல்லாம் மலையில் ஓடப் பிறந்த பிராணி அது. காலையும் மாலையும் நல்ல நடை வேண்டும். மூளைக்கும் ஒரு வேலை வேண்டும். இல்லாவிட்டால் அது தனக்கு வேண்டிய வேலையைத் தானே தேடிக்கொள்ளும். சுவரோடு சுவராய் ஒட்டிய லைன் வீடுகளில் இருப்பவர்கள், ஷெட்லாந்து நாயின் குரலை அண்டை வீட்டாரும் கேட்க வேண்டியிருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

இரண்டாவது, குதிகால் கவ்வும் பழக்கத்தை விளையாட்டென்று விட்டுவிடவும் கூடாது. அடித்துத் திருத்தவும் கூடாது. கவ்வியவுடன் குழந்தை ஓடாமல் அசையாது நிற்க வேண்டும். ஓடாத மந்தையில் மேய்ப்பனுக்கு வேலையில்லை. அதே சமயம் நாய்க்குப் பந்தையோ கயிற்றையோ காட்டி மனத்தைத் திருப்ப வேண்டும். தோலில் பல் பதிந்து கீறல் ஏற்பட்டால், எந்த நாயானாலும் சரி, பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். வெறிநோய்க்கு ஜாதி நாய், தெரு நாய் என்ற பேதம் கிடையாது.

மூன்றாவது, குட்டைக்கால் நாய்க்கு முதுகெலும்பே பலவீனம். கொழுப்பேறினாலும், உயரமான படிகளிலிருந்து குதித்தாலும் முதுகுத்தட்டு நழுவிப் பின்கால்கள் முடங்கும். கார்கிக்குத் தீனி ஆசையும் அதிகம். பிரியத்தினால் நாம் போடும் பலகாரமே அதற்கு வியாதி.

நான்காவது, மழை. இவற்றுக்கு மயிர் இரண்டு அடுக்கு. ஆடி மாதத்துப் பந்தலூர் ஈரத்தில் உள்ளடுக்கு காயாமல் தோலில் புண் உண்டாகும். நடந்துவந்தபின் துடைத்து உலர்த்தி, அட்டையும் உண்ணியும் இருக்கின்றனவா என்று விரல்விட்டுப் பார்ப்பது அவசியம். இங்கே முக்கியமான எச்சரிக்கை ஒன்று. உண்ணிக்கும் சொறிக்கும் நம் நாட்டில் சகஜமாகக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் என்ற மருந்து, கோலி, ஷெட்லாந்து முதலிய மேய்ப்பு இனங்களில் சில நாய்களுக்கு விஷமாக முடியும். மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் ஒரு பரம்பரைக் கூறு அவற்றில் பழுதுபட்டிருப்பதே காரணம் என்று 2001-இல் கண்டறிந்தார்கள். ஆகவே நாயின் இனத்தை வைத்தியரிடம் சொல்லாமல் மருந்து வாங்கிப் போடலாகாது.

ஐந்தாவது, சிறுத்தை. தோட்டத்துச் சிறுத்தைக்கு நாய் எளிதில் கிடைக்கும் இரை. இரவில் வாசலில் கட்டிய நாய் வீட்டைக் காப்பதில்லை. சிறுத்தையை வீட்டுக்கு அழைக்கிறது. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் மூன்று வயதுக் குழந்தை சிறுத்தைக்குப் பலியான துயரத்தை அவ்வூரார் மறக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் குழந்தையும் நாயும் வீட்டுக்குள்ளே இருப்பதே அங்கே நியாயம்.

மணியும் கோவிவனும்

பந்தலூரை விட்டுப் புறப்படுவதற்கு முந்திய நாள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் ஓர் அம்மாள் பத்துப் பன்னிரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரக் கண்டோம். வயது எழுபதிருக்கும், சிறுமியாக இலங்கையிலிருந்து வந்தவர். ஆடுகளுக்குப் பின்னால் குட்டையான செந்நிற நாய் ஒன்று வந்தது. வால் சுருண்டது, செவி நிமிர்ந்தது. ஒரு வெள்ளாடு பாதையை விட்டுச் செடிக்குள் நுழைந்தது. அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. நாயே போய் மறுபக்கமாகச் சுற்றி நின்று இரண்டு குரை குரைத்தது. ஆடு பாதைக்குத் திரும்பிற்று.

"இது என்ன ஜாதி நாய், அம்மா?" என்று கேட்டோம்.

"ஜாதி கீதியெல்லாம் தெரியாது, மாஸ்டர். பேரு மணி. இதோட ஆத்தாக்காரியும் இந்த வேலைதான் செஞ்சா. அவளைப் பார்த்துப் பழகிக்கிட்டான். ராத்திரி வாசல்ல படுத்துக் கெடந்தவளைச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சு. அதிலேருந்து இவனை உள்ளேதான் படுக்க வைக்கிறேன்" என்றார்.

கண்காட்சிப் பந்தலில் மணிக்கு இடமில்லை; எந்தப் பதிவேட்டிலும் அவன் இனத்துக்குப் பெயரில்லை. பெயரே வைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அதைவிடக் கேடான ஒன்று செய்யப்பட்டது. நம் நாட்டு நாய்கள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிய வெள்ளைக்காரர்கள், அதற்கு இங்கே ஒடுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தின் பெயரையே சூட்டினார்கள். மனிதனையும் நாயையும் ஒருங்கே அவமதித்த அந்தப் பெயரை நம்மவர்களும் புத்தகங்களில் எழுதி வந்தோம். அதைக் கைவிட்டு 'இந்திய நாட்டு நாய்' என்று சொல்ல ஆரம்பித்திருப்பது நல்லது. பெயர் மாறினால் மட்டும் போதாது. மதிப்பும் மாற வேண்டும்.

மதிப்பு சிறிது சிறிதாக வரத்தான் செய்கிறது. 2005-ஆம் ஆண்டில் தபால் இலாகா ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய் என்னும் நான்குக்கும் தபால்தலை வெளியிட்டது. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனத்தின் பதிவேட்டில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவை ஏறியுள்ளன. கத்தி நாயும் பிறகு சேர்ந்தது. இவற்றிலே முதல் மூன்றும் வேட்டைக்கும் காவலுக்கும் புகழ்பெற்றவை. கத்தி நாய் பெரிய காவல் நாய். ஆட்டுக்குப் பின்னால் நடக்கும் சிறிய மணிகளுக்கு அங்கே இன்னும் வரி ஒதுக்கப்படவில்லை.

ஆனால் தமிழன் ஒரு காலத்தில் ஒதுக்கியிருந்தான். திருவண்ணாமலை ஜில்லாவில் எடுத்தனூர் என்ற ஊரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல் அது. வீரனுக்குப் பக்கத்திலே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லெழுத்துச் சொல்கிறது. ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்னே, ஒரு மந்தை நாயின் பெயரையும் செயலையும் மனிதனுடைய பெயருக்குச் சமீபத்தில் கல்லில் பொறித்தவர்கள் நம் முன்னோர். அந்தக் கோவிவன் எந்தச் சீமையிலிருந்தும் வந்தவன் அல்லன்.

சென்ற வாரம் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. கார்கியை ஒருவருக்கும் கொடுத்துவிடவில்லை. காலையில் அவர் தேயிலைக் காட்டுப் பாதையில் அதை நடத்திச் செல்கிறாராம். மாலையில் குழந்தைகள் சிதறவிட்ட பந்துகளைக் கூடையில் சேர்ப்பது அதற்கு உத்தியோகமாம். குதிகாலைக் கவ்வுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. இரவில் அது சமையலறை வாசலில் படுக்கிறது. இடம் கொடுத்தவர் வீட்டு அம்மாள்தான்.

நம் வாசகர்களுக்கும், முக்கியமாக மாணவர்களுக்கும், ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஆட்டு மந்தையோடோ மாட்டு மந்தையோடோ போகும் சிறு நாயைக் கண்டால், மேய்ப்பவரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். உயரம், நிறம், செவி, வால், அது செய்யும் வேலை, அதன் தாய் செய்த வேலை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஸ்வீடனில் இரண்டு பேர் தேடத் தொடங்கியபோது மிஞ்சியிருந்தவை மிகச் சிலவே. நம் நாட்டில் மணிகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன.